உலக்கை ஒலியும் அரசியின் கைகளும்: மிகையுணர்வுக் கதைகள் பற்றி ஒரு நோக்கு

இலக்கியத்திலே மென்மை என்பது நெடுங்காலமாகப் புகழ்ச்சொல்லாக வழங்கி வந்துள்ளது. மலர் பட்டு வருந்தும் அடியும் நிலவு பட்டு வாடும் மேனியும் புலவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட வருணனைகளாகும். அவற்றைப் படிப்போர், உயர்வுநவிற்சி என்ற அளவிற் சுவைத்துவிட்டு அப்பாற் செல்வதே வழக்கம். ஆனால் தொடுகை, ஒலி, ஒளி, மணம், சுவை ஆகியவற்றை ஏனையோரினும் பன்மடங்கு கடுமையாக உணரும் நிலை வெறுங் கற்பனையன்று. அது மனித உடலிற் காணப்படும் உண்மை நிலையுமாகும். சட்டையின் தையல் உறுத்துவதைப் பொறுக்கமாட்டாத குழந்தையும், போர்வையின் நுனி பட்டாலே தீப்பட்டாற்போலத் துடிக்கும் நோயாளியும் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். இந்நிலையை மிகையுணர்வு எனலாம்.

மிகையுணர்வு நோய்க்குறியாகவும் இலக்கிய அணியாகவும் ஒருங்கே வழங்குவதனாலேயே அது திறனாய்வாளனின் கவனத்துக்குரியதாகின்றது. ஒரே உடல்நிலை ஓரிடத்திலே குலப்பெருமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. பிறிதோரிடத்திலே நடிப்பென்று ஐயுறப்படுகின்றது. மற்றோரிடத்திலே பிடிவாதமெனக் கண்டிக்கப்படுகின்றது. இவ்வேறுபாடு உடலிலிருந்து தோன்றுவதன்று. அவ்வுடலுக்குரியவர் சமுதாயத்தில் எவ்விடத்தில் நிற்கின்றார் என்பதிலிருந்து தோன்றுவதாகும். யாருடைய வேதனை நம்பப்படுகின்றது, யாருடைய வேதனை சோதிக்கப்படுகின்றது, யாருடைய வேதனை கேள்விப்படாமலே போகின்றது என்னும் வினாக்களை முன்வைத்துச் சில கதைகளையும் அவற்றோடு தொடர்புடைய மருத்துவ வரலாற்றையும் மீள நோக்குதல் பயனுடையதாகும்.

தமிழ் வாசகர் பலரும் இளமையிலேயே அறிந்தவை விக்கிரமாதித்தன் கதையோடு சேர்ந்து வழங்கும் வேதாளக் கதைகள். மீண்டும் மீண்டும் முருங்கை மரத்தில் ஏறும் வேதாளம் தமிழிற் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. இக்கதைகளின் பழைய வடிவங்களுள் ஒன்று, காசுமீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் உள்ளது. அங்கே உச்சயினியை ஆண்ட தர்மத்துவசன் என்னும் அரசனுக்கு மனைவியர் மூவர். அரசன் விளையாட்டாகக் கூந்தலைப் பற்றியபோது முதலாமவளின் காதிற் செருகியிருந்த குவளை மலர் நழுவி மடியில் விழுகின்றது. அவள் தொடையிலே புண் உண்டாகின்றது. மேன்மாடத்தில் உறங்கிய இரண்டாமவளின் மேனியில் நிலவொளி படுகின்றது. பட்ட இடமெல்லாம் கொப்புளிக்கின்றது. மூன்றாமவள் தன் இருப்பிடத்தை விட்டு வெளியே வருகின்றாள். இரவின் அமைதியிலே, தொலைவிலுள்ள ஏதோ ஒரு வீட்டில் நெற் குற்றும் உலக்கையின் ஓசை அவள் செவியில் விழுகின்றது. உடனே கைகளை உதறிக்கொண்டு வழியிலேயே அமர்ந்துவிடுகின்றாள். பார்த்தால் அவளுடைய உள்ளங்கைகள் கன்றிப் போயிருக்கின்றன. இம்மூவருள் மிக மெல்லியலாள் யார் என்று வேதாளம் வினவுகின்றது. மூன்றாமவளே என்று அரசன் விடையிறுக்கின்றான். ஏனைய இருவர் மேனியிலும் மலரோ நிலவோ பட்டது; மூன்றாமவளோ உலக்கையைத் தொடவே இல்லை, ஓசையை மாத்திரமே கேட்டாள் என்பது அவன் கூறும் காரணம்.

விடை தருக்கமுறைப்படி சரியானதே. ஆயினும் வேதாளமும் அரசனும் கேளாது விட்ட வினாவொன்று உண்டு. அந்த இரவிலே நெற் குற்றியவர் யார்? ஊர் உறங்கும் வேளையில் அவர் ஏன் உறங்கவில்லை? அவருடைய கைகள் எந்நிலையில் இருந்தன? கதையிலே அவருக்குப் பெயரில்லை, முகமில்லை, உருவமுமில்லை. அவர் வெறும் ஓசையாகவே கதைக்குள் வருகின்றார். ஆனால் அரசியின் உடலிலே வடு எங்கே தோன்றுகின்றது என்பதைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். ஓசையைக் கேட்டது செவி. நோவு தோன்றியதோ உள்ளங்கையில். உலக்கை பிடிப்பவளின் கை எங்கே கன்றுமோ, எங்கே கொப்புளித்துப் பின்னர் காய்ப்பேறுமோ, அவ்விடத்திலேயே அரசியின் கையும் கன்றுகின்றது. உழைப்பவளின் வடு அவளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு அரசியின் கையில் ஒட்டப்பட்டுள்ளது எனலாம். உழைப்பவளிடத்தே அது எவராலும் கவனிக்கப்படாத காய்ப்பு. அரசியிடத்தே அது கதையாகச் சொல்லத்தக்க அதிசயம்.

இத்தகைய வாசிப்பு கதையின் இயல்புக்கு மாறானது என்று சிலர் கருதக்கூடும். இது வேடிக்கைக் கதை, கேட்போரைச் சிரிக்க வைக்கும் பொருட்டு எழுந்த உயர்வுநவிற்சி, இதனுள் உழைப்பையும் வர்க்கத்தையும் தேடுதல் பிற்காலக் கருத்தைப் பழம்பனுவலின்மேல் ஏற்றுவதாகும் என்பது அவர்தம் வாதமாக அமையும். கதை வேடிக்கையானது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் எதைக் கொண்டு வேடிக்கை செய்யப்படுகின்றது என்பது கதைசொல்லியின் தெரிவாகும். மலர், நிலவு என்று ஏறிச்செல்லும் வரிசையிலே மூன்றாவதாக ஒரு வீணையின் நாதமோ குயிலின் குரலோ வந்திருக்கலாம். மெல்லியல்புக்கு அவையும் பொருந்தியிருக்கும். அவற்றை விடுத்து உலக்கை ஓசை வந்தமைக்குக் காரணம், அரண்மனை வாழ்வுக்கு முற்றிலும் எதிர்முனையில் உள்ளது அதுவே என்பதைக் கதைசொல்லி உணர்ந்திருந்தமையேயாகும். அரண்மனைக்கும் உரலுக்கும் இடையேயுள்ள தூரம் இன்றேல் இவ்வேடிக்கையே இல்லை. ஆதலின் இங்கே வர்க்க வேறுபாடு வாசகன் வெளியிலிருந்து கொண்டுவந்ததன்று. நகைச்சுவையின் அடித்தளமாகக் கதையினுள்ளேயே இருப்பதாகும்.

தமிழ் மரபிலே நெற் குற்றுவோரின் குரல் முற்றாக மறைந்துவிடவில்லை. உலக்கைப் பாட்டாகிய வள்ளைப் பாட்டு கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் இடம்பெற்றுள்ளது. குற்றுபவள் அங்கே ஓசையாக மட்டுமன்றிப் பாடுபவளாகவும் தோன்றுகின்றாள். ஆயினும் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அவள் பாடுவது வேந்தரின் புகழையே. அவள் கையிலுள்ள உலக்கையும் கரும்பாகிவிடுகின்றது. உலக்கை கரும்பானபின் கை நோவதற்கு இடமேது? வடமொழிக் கதை உழைப்பின் நோவை அரசிக்குக் கொடுத்துவிட்டது. தமிழ்க் காப்பியம் அந்நோவை இனிமையாக்கி மறைத்துவிட்டது. இரண்டிலும் உழைப்பவளின் கை கண்ணுக்குப் புலப்படவில்லை.

வேதாளக் கதைகளுள் இதற்கு இணையான வேறொன்றும் உண்டு. அந்தணன் ஒருவனின் புதல்வர் மூவர், தம்முள் யார் நுண்ணுணர்வு மிக்கவன் என வாதிட்டு அரசனிடம் செல்கின்றனர். ஒருவன் உணவின் நுட்பம் அறிந்தவன். அரசன் அளித்த சோற்றிலே சுடலைப் புகை நாறுவதாகக் கூறி உண்ண மறுக்கின்றான். விசாரித்தபோது, அந்நெல் சுடலைக்கு அருகிலுள்ள வயலில் விளைந்தது என்பது தெரியவருகின்றது. மற்றொருவன் தன்னிடம் வந்த பெண்ணின்மேல் ஆட்டுமணம் வீசுவதாகக் கூறுகின்றான். அவள் குழந்தைப் பருவத்தில் ஆட்டுப்பால் ஊட்டி வளர்க்கப்பட்டவள் என்பது பின்னர் வெளிப்படுகின்றது. மூன்றாமவன் ஏழு மெத்தைகளின்மேல் உறங்கியும் நள்ளிரவில் வேதனையால் எழுந்துவிடுகின்றான். அவன் விலாவிலே மயிரிழை போன்ற சிவந்த தழும்பு காணப்படுகின்றது. ஏழு மெத்தைகளுக்கும் அடியிலே ஒரு மயிர் கிடக்கின்றது. இங்கும் மூன்றாமவனே சிறந்தவன் எனத் தீர்ப்பாகின்றது. ஆனால் காரணம் வேறு. ஏனைய இருவரும் உண்மையை எவரிடமேனும் முன்னரே விசாரித்து அறிந்திருக்கக்கூடும். மூன்றாமவனின் தழும்போ கண்முன்னே காணக்கிடந்தது.

இத்தீர்ப்பு கதையின் எல்லையைக் கடந்து முக்கியத்துவம் பெறுகின்றது. உணர்வு என்பது பிறர் காணமுடியாதது. ஒருவனுக்கு வலிக்கின்றது என்பதற்கு அவன் சொல்லே முதற்சான்று. அச்சொல்லை மட்டும் நம்பலாமா, அன்றி உடலிலே அடையாளம் வேண்டுமா என்பது நோயாளியை எதிர்கொள்ளும் மருத்துவனுக்கும், வேலையாளின் முறைப்பாட்டைக் கேட்கும் அதிகாரிக்கும், மாணவனின் குறையைக் கேட்கும் ஆசிரியனுக்கும் நாள்தோறும் எழும் பிரச்சினையாகும். வேதாளத்தின் அரசன் அடையாளம் வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன்.

பல நூற்றாண்டுகளின் பின்னர் ஐரோப்பாவில் இத்தகைய கதையொன்று புகழ்பெற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் 1835ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டாணிக் கடலை இளவரசியின் கதையே அது. உண்மையான இளவரசியைத் தேடித் திரிந்து ஏமாந்த இளவரசன் ஒருவனின் மாளிகை வாயிலுக்கு, புயலும் மழையும் மிக்க இரவொன்றிலே, நனைந்த கோலத்தில் ஒரு பெண் வருகின்றாள். தானே உண்மையான இளவரசி என்கின்றாள். முதிய அரசி கட்டிலின்மேல் ஒரு பட்டாணிக் கடலையை வைத்து, அதன்மேல் 20 மெத்தைகளையும் அவற்றின்மேல் 20 இறகு மெத்தைகளையும் அடுக்கி, அவளைப் படுக்க வைக்கின்றாள். காலையிலே அப்பெண், ஏதோ கடினமான பொருளின்மேற் படுத்து உடலெல்லாம் கன்றிவிட்டதாகக் கூறுகின்றாள். இத்துணை மென்மை உண்மையான இளவரசிக்கே வாய்க்கும் என்று முடிவாகித் திருமணமும் நடைபெறுகின்றது. கடலை அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகின்றது.

வடமொழிக் கதையோடு ஒப்பிடுமிடத்து இங்கு ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. அங்கே தழும்பைப் பலர் கண்டனர். இங்கே கன்றிய உடலை எவரும் பார்த்ததாகக் கதை கூறவில்லை. அவள் சொன்னாள், அவர்கள் நம்பினர். சோதனை நடத்தப்பட்டதாயினும் அச்சோதனையின் பேறு அவளது வாய்ச்சொல்லே. மேலும், இச்சோதனையை எழுதுவதற்கு 40 மெத்தைகள் வேண்டியிருந்தன. வெறுந்தரையிற் பாய் விரித்துப் படுப்பவளுக்குக் கடலை உறுத்தினால் அதில் அதிசயம் எதுவுமில்லை. அது அவளது குலத்தை நிறுவவும் உதவாது. நுண்ணுணர்வை நிறுவுவதற்கே செல்வம் தேவைப்படுகின்றது. அன்டர்சன் இதனை அறியாதவரல்லர். ஒடென்சே நகரத்துச் செருப்புத் தைப்பவர் ஒருவருக்கும், பிறர் துணி வெளுத்துப் பிழைத்த பெண்ணொருத்திக்கும் 1805இல் மகனாகப் பிறந்தவர் அவர். ஒரு கடலை மணியை அருங்காட்சியகத்தில் வைத்து முடிக்கும் அவரது எழுதுகோலிலே உயர்குடியினரைப் பற்றிய எள்ளல் இழையோடுவதைக் காணலாம். எனினும் அந்த 40 மெத்தைகளையும் தூக்கி அடுக்கியோரின் கைகளைப் பற்றி அக்கதையும் மௌனமே சாதிக்கின்றது.

மென்மை அதிகாரத்தோடு சேரும்போது யாது நிகழும் என்பதைக் கம்பன் காட்டியுள்ளான். தங்கை வாயிலாகச் சீதையின் அழகைக் கேட்ட இராவணன் காமநோயுற்றுக் கிடக்கும் பகுதி மாரீசன் வதைப் படலத்தில் வருகின்றது. குளிர்ச்சியானவை யாவும் அவனைச் சுடுகின்றன. அவன் பருவத்தை மாறச் சொல்கின்றான், பருவம் மாறுகின்றது. சந்திரனை வரவழைக்கின்றான், நிலவும் சுடவே அதனை அகற்றிச் சூரியனை அழைக்கின்றான். பிரிவுற்ற தலைவியை நிலவு சுடுதல் தமிழிலும் வடமொழியிலும் பழகிப்போன மரபே. அம்மரபைக் கம்பன் மூவுலகும் ஆணை செலுத்தும் ஒருவனிடத்தே பொருத்தியதனாற் புதியதொரு கருத்துப் பிறக்கின்றது. தலைவியை நிலவு சுட்டால் அவள் சாளரத்தை மூடிக்கொண்டு வருந்துவாள். வேந்தனை நிலவு சுட்டால் உலகமே இரவும் பகலும் தடுமாற வேண்டியுள்ளது. அதிகாரமுடையவனின் மிகையுணர்வுக்கு ஏற்ப உலகம் மாற்றப்படுகின்றது. அதிகாரமற்றவனோ தன் மிகையுணர்வை மாற்றிக்கொள்ளுமாறு பணிக்கப்படுகின்றான்.

அமெரிக்க எழுத்தாளரான எட்கார் அலன் போ 1839இல் எழுதிய அஷர் மாளிகையின் வீழ்ச்சி என்னும் சிறுகதை இவ்விடயத்தை வேறொரு திசைக்கு இட்டுச் செல்கின்றது. பழங்குடியொன்றின் கடைசி ஆண்மகனான ரொடெரிக் அஷர், புலன்கள் அளவிறந்து கூர்மையுற்ற நோயினன். சுவையற்ற உணவையே அவனால் உண்ணமுடியும். குறிப்பிட்ட சில வகைத் துணிகளையே உடுத்தமுடியும். மலர்களின் மணம் அவனை நெருக்குகின்றது. மங்கிய ஒளியும் கண்ணை வதைக்கின்றது. நரம்புக் கருவிகளின் ஓசை தவிர ஏனைய ஓசைகள் அச்சமூட்டுகின்றன. வேதாளக் கதையிற் குலச்சிறப்பாக இருந்த மென்மை, போவிடத்தே ஒரு குலத்தின் அழிவுக்கு அடையாளமாகின்றது. ஆயினும் அக்கதையின் உண்மையான பயங்கரம் இதுவன்று. இறந்துவிட்டதாகக் கருதி நிலவறையில் வைக்கப்பட்ட தங்கை பெட்டிக்குள்ளே உயிரோடு அசையும் ஓசையை அவனது கூரிய செவி பல நாள்களுக்கு முன்னரே கேட்டுவிட்டது. கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை, கதவைத் திறக்கவுமில்லை.

இவ்விடத்திலே அஷரும் உச்சயினி அரசியும் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். இருவரும் பிறர் கேளாத ஓசையைக் கேட்கின்றனர். இருவர்க்கும் அவ்வோசை வேதனை தருகின்றது. ஆனால் ஓசைக்கு மறுமுனையில் ஓர் உயிர் வருந்துகின்றது என்ற எண்ணம் அரசிக்குத் தோன்றவில்லை. தோன்றியும் அஷருக்கு அதனாற் பயனில்லை. நுண்ணிய புலனும் இரங்கும் உள்ளமும் ஒன்றல்ல என்பதை இக்கதை ஐயத்திற்கிடமின்றி நிறுவுகின்றது. கலைஞனின் நுண்ணுணர்வைப் பற்றிப் பெருமையாகப் பேசும் விமர்சகர்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். எவ்வளவு உணர்கின்றான் என்பதோடு, உணர்ந்தபின் யாது செய்கின்றான் என்பதும் வினாவப்படல் வேண்டும்.

கதைகளிலே உயர்குடியினருக்கு உரித்தாக்கப்பட்ட மிகையுணர்வு, மருத்துவ வரலாற்றிலே முதன்முதல் நுணுக்கமாகப் பதிவுசெய்யப்பட்ட சந்தர்ப்பங்களுள் ஒன்று சாதாரணப் போர்வீரரைப் பற்றியதாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியா நகரில் நரம்புக் காயமுற்றோருக்கென அமைந்த மருத்துவமனையிலே சைலஸ் வியர் மிற்செல் என்பாரும் அவர்தம் துணைவர் இருவரும் பணியாற்றினர். 1864இல் அவர்கள் வெளியிட்ட நூலிலும், 1872இல் மிற்செல் தனித்து எழுதிய நூலிலும், துப்பாக்கிக் குண்டு நரம்பிற் பட்டு, வெளிக்காயம் ஆறியபின்னும் எரிவு நீங்காத வீரர்களைப் பற்றிய விவரங்கள் உள்ளன. அவ்வீரர்கள் கையை எப்போதும் நீரில் நனைத்தவாறே வைத்திருந்தனர். பத்திரிகைத் தாளின் சலசலப்பும், ஒரு சிறு காற்றும், வார்ட்டிலே ஒருவர் நடந்து செல்லும் அதிர்வும், இராணுவ வாத்தியக் குழுவின் ஒலியும் அவர்தம் வேதனையைப் பெருக்கின. தொலைவிலுள்ள ஓசை கையிலே நோவாக மாறுதல் வேதாளக் கதைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் இங்கே நொந்த கைகள் அரசியின் கைகளல்ல. போருக்கு அனுப்பப்பட்ட எளிய மக்களின் கைகள்.

இவ்வீரர்களை எவரும் மெல்லியர் எனப் புகழவில்லை. அதே மருத்துவர் மூவரும் அதே 1864ஆம் ஆண்டில் நரம்பு நோய் இருப்பதாக நடிப்போரைக் கண்டறிவது பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இளவரசிக்கு வாய்ச்சொல்லே போதுமானதாயிற்று. வீரனுக்கோ வேதனையை நிறுவும் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. மிற்செல் தம் நோயாளரை நம்பாதவர் என்று கூறுதல் பொருந்தாது. அவரது வருணனையிற் பரிவு உண்டு. ஆயினும் அந்த வேதனையின் கடுமையை விளக்கப் புகுந்தபோது, திடமான ஆடவனும் நரம்புத் தளர்ச்சியுற்ற பெண்பிள்ளைபோல் ஆகிவிடுகின்றான் என்று ஒப்பிடவே அவரால் முடிந்தது. பெண்ணின் மிகையுணர்வு இயல்பானது, ஆதலின் அற்பமானது. ஆணின் மிகையுணர்வே வியப்புக்குரியது என்ற மனப்பாங்கு இவ்வுவமையுள் ஒளிந்துள்ளது.

இதன் விளைவு விரைவிலேயே இலக்கியத்திற் பதிவாயிற்று. நரம்புத் தளர்ச்சியுற்ற பெண்களுக்கென மிற்செல் வகுத்த ஓய்வுச் சிகிச்சைக்கு 1887இல் உட்பட்டவர்களுள் சார்லற் பேர்க்கின்ஸ் கில்மன் என்னும் எழுத்தாளரும் ஒருவர். அவர் 1892இல் வெளியிட்ட மஞ்சட் சுவர்த்தாள் என்னும் சிறுகதையிலே, மருத்துவனாகிய கணவனால் ஓய்வு விதிக்கப்பட்டு அறையொன்றில் வைக்கப்பட்ட பெண், சுவரிலே ஒட்டப்பட்ட தாளின் நிறமும் கோலமும் மணமும் தன்னை வதைப்பதாகக் கூறுகின்றாள். கணவன் அன்புடையவனே, ஆனால் அவள் சொல்லை அவன் ஒருபொழுதும் சான்றாக ஏற்கவில்லை. அரசியின் சொல்லுக்காக வைத்தியரும் பணிப்பெண்களும் ஓடிவருவர். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் சொல் புன்னகையோடு ஒதுக்கப்படுகின்றது. உலக்கை பிடித்தவளோ சொல்லுவதற்கே இடமின்றிக் கதைக்கு வெளியே நிற்கின்றாள்.

இன்றைய அறிவியல் இவ்வேறுபாடுகளுக்கு உடலிலே ஆதாரமில்லை எனக் காட்டியுள்ளது. தொடர்ந்து தாக்கப்படும் நரம்புகளிலிருந்து வரும் செய்திகளால் முண்ணாணின் நரம்புக்கலங்களே கிளர்ச்சி மிகுந்து, மெல்லிய தொடுகையையும் வலியாக மாற்றிவிடக்கூடும் என்பதற்கு 1983இல் கிளிஃபோர்ட் வூல்ஃப் ஆய்வுச் சான்று அளித்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஓட்டிச நிலையை இனங்காண்பதற்கான அடையாளங்களுள் ஒன்றாகப் புலத்தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுதலையும் சேர்த்துக்கொண்டது. முண்ணாணுக்குக் குலமில்லை. மேட்டுக்குடிக் குழந்தைக்கு உறுத்தும் தையல் கூலித் தொழிலாளியின் குழந்தைக்கும் உறுத்தக்கூடும். முன்னதற்கு வேறு சட்டை கிடைக்கும். பின்னதற்கு அடி கிடைக்கும். கூச்சலும் நெருக்கமும் மிக்க வகுப்பறையிலே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை, பணிவற்ற பிள்ளை என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இப்பொருள் தொலைவிலுள்ளதன்று. போரின் உளப்பாதிப்புகளை யாழ்ப்பாணத்திலிருந்து ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. நெருக்கடியின் நினைவு உடலிலே தங்கிவிட, சிறு ஓசைக்கும் திடுக்குறுதல் இத்தகைய பாதிப்புகளின் அறியப்பட்ட குறிகளுள் ஒன்று. 2009இற் போர் முடிவுற்றபின்னும், கதவு அடிபடும் ஓசைக்கும் பட்டாசு வெடிக்கும் ஓசைக்கும் துணுக்குறுவோரைக் கோழைகள் என நகையாடுதல் எளிது. ஆனால் அச்செவியைக் கூராக்கியது எது என்று வினாவுதலே அறிவுடைமையாகும். அவர்களுடைய உணர்வு அளவுக்கு மிஞ்சியதன்று. அவர்கள் கேட்ட ஓசைகளே அளவுக்கு மிஞ்சியவை.

இவ்வாறு நோக்குமிடத்து, மிகையுணர்வைக் குலச்சின்னமாகக் கொள்ளும் பார்வைக்கு மாற்று ஒன்று உண்டா என்னும் வினா எழுகின்றது. அதற்குரிய விடையின் ஒரு கூறு திருக்குறளிலேயே உள்ளது. காமத்துப்பாலில், நலம்புனைந்துரைத்தல் அதிகாரத்திலே, அனிச்ச மலரும் அன்னத்தின் இறகும் தலைவியின் அடிக்கு நெருஞ்சிப் பழமாகும் என்ற கருத்து வருகின்றது. இது மென்மையை வியக்கும் மரபைச் சார்ந்தது. உச்சயினி அரசியின் இனத்தது. ஆனால் அதே அனிச்சத்தை வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்திலும் எடுத்தாள்கின்றார். அங்கே அனிச்சம் முகர்ந்தால் வாடுவது. விருந்தினனோ ஒருவர் முகம் மாறி நோக்கிய அளவிலேயே வாடிவிடுபவன். தொடுகையுமின்றி, முகர்தலுமின்றி, வெறும் பார்வையாலேயே புண்படுவோன் இவன். வேதாளம் கேட்ட வினாவுக்கு வள்ளுவரிடமிருந்து விடை பெறுவதாயின், மூன்று அரசியரினும் மெல்லியவன் வாயிலில் நிற்கும் விருந்தினன் என்பதே அவ்விடையாகும்.

இவ்விரு அனிச்சங்களுக்குமிடையேயுள்ள வேறுபாடு நுண்ணியது, ஆயின் பெரியது. முதலாவதில் மென்மை, உடையவளுக்கு அழகு சேர்க்கின்றது. காண்போன் வியந்தால் மட்டும் போதும். இரண்டாவதில் மென்மை, இன்னொருவரின் வீட்டு வாயிலிலே நிற்பவனின் நிலையிலிருந்து பிறக்கின்றது. தங்கி நிற்பவனே முகக்குறிப்பை மிக நுட்பமாகப் படிக்கின்றான். படிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்குத்தான் உண்டு. அத்துடன் அம்மென்மை காண்போனுக்கு ஒரு கடமையையும் விதிக்கின்றது. விருந்தினனை நோக்கி, நீ இத்துணை மெல்லியனாய் இராதே என்று வள்ளுவர் கூறவில்லை. விருந்தளிப்போனை நோக்கி, முகத்தைக் காத்துக்கொள் என்றே கூறுகின்றார். மிகையுணர்வுடையவரைத் திருத்துதலன்றி, அவரைச் சூழ்ந்திருப்போர் தம்மைத் திருத்திக்கொள்ளுதலே வழி என்ற கருத்து இங்கே தெளிவாகப் பெறப்படுகின்றது. இராவணன் ஆணையினாற் பெற்றதை, விருந்தினன் அறத்தின் பெயராற் பெறுகின்றான்.

ஆகவே வேதாளக் கதை போன்றவற்றைப் பழைமையென்று தள்ளிவிடுதலோ, கற்பனை நயமென்று பாராட்டிவிட்டு அமைதலோ திறனாய்வாகாது. யார் மிக மெல்லியவர் என்று வேதாளம் கேட்டது. அவ்வினாவுக்கு அரசன் கூறிய விடையும் ஏற்கத்தக்கதே. ஆனால் அன்றிரவு அவ்வூரிலே கன்றிய கைகள் இரண்டு சோடி இருந்தன. ஒரு சோடிக்கு மருந்திட அரண்மனை முழுவதும் விழித்திருந்தது. மற்றைய சோடி, அரசியின் வேதனைக்குத் தானே காரணம் என்பதையும் அறியாது, விடியுமுன் அரிசியாக்கவேண்டிய நெல்லை உரலிலே குற்றிக்கொண்டிருந்தது. அக்கைகளுக்கும் இடந்தரும் வினாவை எழுப்புதல் இக்கதைகளைக் கற்போரின் பொறுப்பாகும்.